எனக்குத்தான் கொழுப்பு

ஜனவரி 9

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தூத்துக்குடி திரும்பியாயிற்று. இனிமேல் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதி வைக்க வேண்டுமாம். அங்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்வதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். அவள் உத்தரவு. இவர் வேலை பார்க்கும் உப்புக் கம்பெனியில் கொடுத்த டைரி பீரோவில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

காலை: இட்லி இரண்டு, சட்னி. மதியம்: தயிர்ச் சாதம், பாதி. சாயந்திரம்: டீ.

எழுதி முடித்தால் முக்கால் பக்கம் சும்மா கிடக்கிறது. தையல்காரிக்குத் துணி வீணாகக் கிடந்தால் பொறுக்காது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

என் அண்ணன் தேவநேசனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. சின்ன வயதில் வந்த மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, இத்தனை வருடமாக அரித்திருக்கிறது. தெருவில் பாதிப் பேர் குடித்துத்தான் கெட்டது என்று பேசுகிறார்கள். விசைப்படகு எஞ்சினுக்குள் தலையை விட்டு டீசல் வாடை குடித்ததைத் தவிர அவன் வேறு எதையும் குடித்ததில்லை. இப்போது வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான். உயிரோடு இருக்கிறவர்கள் ஈரலிலேயே பாதியை வெட்டி வைக்கலாமாம், இரண்டு பேருக்கும் திரும்ப வளர்ந்துவிடுமாம். அவன் மனைவிக்கு, அதாவது என் மைனிக்கு, ரத்தப் பிரிவு சேரவில்லை. மகன் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே பிரிவு. நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் இன்றைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவும் சொல்லிவிட்டார்கள். அதை நாளைக்கு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ஜனவரி 10

காலை: புட்டு. மதியம்: சாளை மீன் குழம்பு, சாதம்.

சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருபத்தெட்டு இஞ்ச் இடுப்பு. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்றைக்கும் ஒரு பிரிப்பு பிரிக்காமல் பொருந்தும். இந்தத் தெருவில் யாருக்கு எத்தனை இஞ்ச் என்று என் டேப்புக்குத் தெரியும். மைனிக்கு எத்தனை என்று எழுதினால் நன்றாக இருக்காது. டேப்பை இழுத்துப் பிடித்தால்தான் இரண்டு முனையும் சேரும், அவ்வளவுதான்.

டாக்டர் நாச்சம்மை கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க ஈரல்ல கொழுப்பு இருக்கும்மா. கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. இருபத்திரண்டு சதவீதம்."

"எனக்கா? பேரு மாறிப் போயிருக்கும் டாக்டர். அது எங்க மைனி படமா இருக்கும்."

மைனி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அண்ணனுக்குக் கிருமி இருப்பதால் அவளுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்திருந்தார்கள். "அவங்க ஈரல் சுத்தமா இருக்கு. சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, எல்லாமே நார்மல்" என்றார் டாக்டர்.

"பாத்தியாட்டி!" என்று மைனி என் தொடையில் ஒரு அடி அடித்தாள். வெளியே இருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

டாக்டர் ஒரு தாளில் வயிறு வரைந்து விளக்கினார். தோலுக்கு அடியில் படிகிற கொழுப்பு ஒரு ரகமாம். அது பெரும்பாலும் தன் பாட்டுக்குக் கிடக்கும். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றிப் படிகிறது வேறு ரகம். "அது சும்மா இருக்காதும்மா. எந்நேரமும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். கரையறது அப்படியே ஈரலுக்குப் போற ரத்தத்துல இறங்கும். சில பேருக்குத் தோலுக்கடியில இடம் தாராளமா இருக்கு, உங்க மைனி மாதிரி. உங்களுக்கு அங்க இடம் கம்மி. அதனால உள்ளே போய் உக்காந்திருக்கு."

"நான் எண்ணெயே அதிகம் சேக்கிறதில்லையே."

"டீக்கு எத்தனை கரண்டி சீனி?"

நான் யோசிக்கிறதுக்குள் பின்னால் நின்ற இவர் பதில் சொல்லிவிட்டார். "மூணு கரண்டி டாக்டர். மிஷின்ல உக்காந்தா ஏழெட்டு டீ ஓடும். கூடவே ரஸ்க், மக்ரூன்." இவரை யார் கேட்டது? பேர் ஆசீர்வாதம், சமயம் பார்த்துக் காலை வாருவதுதான் வேலை.

மிஞ்சுகிற சீனியை ஈரலே கொழுப்பாக மாற்றிவிடுமாம். கொழுப்புப் பிடித்த ஈரலை வெட்டி வைத்தால் அண்ணனுக்கும் சரியாக வேலை செய்யாது, எனக்கும் ஒழுங்காக வளராது. பத்துக்குக் கீழே கொண்டுவந்தால் பேசலாம், கூடுமானவரை ஈஸ்டருக்குள் என்றார்.

பஸ்ஸில் மதுரையிலிருந்து எட்டயபுரம் தாண்டும்வரை மைனி போனில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "அவளுக்குத்தான் கொழுப்பாம்! ஆமா, நம்ம பியூலாவுக்குத்தான்! டாக்டரே சொல்லிட்டாவ!"

ஜனவரி 12

ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், பாடகர் குழுவில் ஒருத்தி, "ஒல்லியா இருக்கிய, உங்களுக்கா கொழுப்பு?" என்று கேட்கிறாள். அவளுடைய ரவிக்கை என்னிடம்தான் தைக்கக் கிடக்கிறது. கழுத்தை எவ்வளவு இறக்குவது என்பது இனி என் இஷ்டம்.

ஜனவரி 13

விடிந்தும் விடியாமல் வாசலில் சத்தம். "ஏட்டி பியூலா, எந்திச்சாச்சா? வெயில் ஏறதுக்கு முந்தி நடந்துட்டு வந்துருவோம்." மகனுடைய பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டு மைனி நிற்கிறாள். எப்சிபாய் என்று பெயர் வைத்த புண்ணியவான் அவளுக்கு ஒலிபெருக்கி என்று வைத்திருக்கலாம். பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்குத் தலைமை. நூறு பிள்ளைகளை அதட்டிய தொண்டை.

கடற்கரைச் சாலையில் நடந்தோம். அவள் பேசிக்கொண்டே நடந்தாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தேன். ஒல்லியாக இருக்கிற நான் ஏன் மூச்சு வாங்கினேன் என்று தெரியவில்லை. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஜனவரி 14

பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. மோந்து பார்த்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். இவர் என் கண் முன்னாலேயே சாப்பிட்டார்.

ஜனவரி 18

சீனி இல்லாத டீ. பழைய துணியை நனைத்துப் பிழிந்த மாதிரி இருக்கிறது.

காலை: முட்டை இரண்டு, ஒரு தோசை. மதியம்: கீரை, அயிலை மீன், ஒரு கரண்டி சாதம். ராத்திரி: பயறு.

மைனி இன்றைக்கும் வந்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லை போல. கொஞ்சம் தாமதமாக வந்தாள். நான் ஒன்றும் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கவில்லை, பால் வாங்கத்தான் வெளியே நின்றேன்.

ஜனவரி 26

அண்ணனைப் பார்க்கப் போனேன். வயிற்றில் தண்ணீர் கட்டி ஊதிப்போய் இருக்கிறது. கையும் காலும் குச்சி. கண் இரண்டும் மஞ்சள். மைனி அவனுக்கு உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியில் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சண்டை.

"பியூலா, இதெல்லாம் வேண்டாம்ட்டி" என்றான். "உன் வயித்தக் கிழிச்சு நான் வாழணுமா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல. டாக்டர் முன்னாடி எனக்குக் கொழுப்புன்னு ஆகிப்போச்சு. அதக் குறைச்சுக் காட்டலன்னா என்னால தெருவுல நடக்க முடியாது."

மைனி நீட்டிய கரண்டியைத் தள்ளிவிட்டான். பிறகு, "உன் ஈரல வச்சா எனக்கும் உன் வாய் வந்துருமோன்னுதான் பயமா இருக்கு" என்றான்.

"வந்தா நல்லதுதான். இருவது வருசமா இந்த வீட்ல எனக்குப் பதில் பேச ஆளே இல்ல" என்றாள் மைனி.

ஜனவரி 30

மைனி சொல்லித்தான் தெரிந்தது. வயிற்றிலிருந்து தண்ணீரை ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள். எடுத்த மறுவாரமே திரும்பக் கட்டிவிடுமாம். ஈஸ்டர் வரைக்கும் தாங்குவானா என்று மைனியிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடலைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பினோம்.

பிப்ரவரி 2

காலை: வெந்நீர். மதியம்: வெள்ளரிக்காய், மோர். ராத்திரி: பசி இல்லை.

பிப்ரவரி 4

காலை: வெந்நீர், எலுமிச்சை. மதியம்: வெள்ளரிக்காய். ராத்திரி: பசி இல்லை.

இவரிடம் மதியமே வயிறு முட்டச் சாப்பிட்டதாகச் சொன்னேன். சாப்பாட்டு விஷயத்தில் ஆம்பிளைகளுக்கு எதற்கு விவரம்.

பிப்ரவரி 6

ஊசியில் நூல் கோக்க நேரமாகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும். ஒரு ரவிக்கையில் இடது கையை வலது பக்கம் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன். இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார் என்று கத்திவிட்டேன். ரேடியோ ஓடவே இல்லை, வெளியே ஐஸ்காரன் போயிருக்கிறான்.

மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 8

கடற்கரைச் சாலையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

மைனி அதை விழுந்தது என்கிறாள். சரி, விழுந்தேன். கண் விழித்தால் என் தலை மைனி மடியில் இருக்கிறது. ஒரு மீன்காரம்மா தண்ணீர் தெளிக்கிறாள். மைனி என்னை அப்படியே தூக்கி நிறுத்தி, இடுப்பில் கை கொடுத்து, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சு வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தாள். என் எடை அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் மாதிரி.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டன்னு கேக்கேன்."

"வெந்நீர்."

"நேத்து?"

மைனி கடைக்காரரிடம் அவித்த முட்டை வாங்கி, மேஜையில் தட்டி உரித்தாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள், இன்றைக்கு மெதுவாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"எதுக்குட்டி இப்படிச் செஞ்ச?"

"சீக்கிரம் கரையட்டும்னுதான் மைனி. அண்ணன் வயித்தப் பாத்தா எனக்கு நாள் இருக்கிற மாதிரித் தோணல."

"அவரு போயிருவாருன்னு நான் தினமும் பயந்துட்டுக் கெடக்கேன். நீயும் போயிட்டா நான் யாருகூட நடக்க? எனக்கு ரெண்டு பேரும் வேணும்ட்டி. ஒருத்தரக் குடுத்து ஒருத்தர வாங்குத சோலி எனக்கு வேண்டாம்."

முட்டையை என் வாய்க்கு நேரே நீட்டினாள். சாப்பிட்டேன். இன்னொன்று உரித்தாள். அதையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10

மதுரை. இரண்டாவது ஸ்கேன். பதினாறு.

டாக்டர் நாச்சம்மையிடம் மைனி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். டாக்டருக்குக் கோபம் வந்து இப்போதுதான் பார்க்கிறேன். "உடம்புக்கு வெளியிலருந்து சாப்பாடு வரலைன்னா உள்ள இருக்கிற கொழுப்பையெல்லாம் ஒரேயடியா உடைச்சு ரத்தத்துல விடும். அந்த வெள்ளம் முதல்ல எங்க போகும்? ஈரலுக்குத்தான். இதுல தசையும் கரைஞ்சுபோச்சுன்னா ஆபரேஷனைத் தாங்க மாட்டீங்க. நான் உங்களைக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னேன், உங்களைக் குறைக்கச் சொல்லலை."

நன்றாக முட்டை, மீன், பயறு சாப்பிட வேண்டும். சீனி, மைதா கிடையாது. நடப்பதோடு கனம் தூக்கவும் வேண்டும். தசை வேலை செய்தால் சாப்பிட்டதில் இருக்கிற சர்க்கரையை அதுவே பிடுங்கிக்கொள்ளுமாம், ஈரலுக்கு மிச்சம் போகாதாம்.

"இனிமே இவ சாப்பாடு என் பொறுப்பு" என்று மைனி சொன்னாள். சொன்னார்.

பிப்ரவரி 13

மைனி காலையிலேயே தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடுதிப் பிள்ளைகள் ஏன் வம்பு செய்யாமல் சாப்பிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

காலை: பயத்தம்பருப்பு தோசை, முட்டை. மதியம்: நெத்திலி, அவரைக்காய், கொஞ்சம் சாதம். ராத்திரி: சுண்டல், கீரை. முழுவதும் சாப்பிட்டேன். சாட்சி: மைனி.

பிப்ரவரி 17

பின்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் குடம், தண்ணீர் நிறைத்து. தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு. "நாற்காலியில உக்காரு, எந்திரி. கையை ஊனக் கூடாது." இவர் ஜன்னலில் நின்று சிரித்தார். மைனி திரும்பிப் பார்த்து, "தம்பி, நீங்களும் வாங்க" என்றார். இவருக்கு உப்பளத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

தையல் மிஷினில் இருந்து ஒரு பாட்டுக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன். நல்ல வேளை, ரேடியோவில் பாட்டெல்லாம் சின்னதாகப் போடுகிறார்கள்.

பிப்ரவரி 21

அண்ணனை மதுரையில் சேர்த்திருக்கிறோம். காலையில் எழுந்து மகனிடம், படகு கிளம்புகிறது, ஏன் இன்னும் எஞ்சினைப் பூட்டவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறான். ஈரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறிவிட்டதாம். என்னைப் பார்த்து யாரோ மாதிரி, "அக்கா, இந்த ஊருக்கு எந்த பஸ்?" என்று கேட்டான்.

பிப்ரவரி 22

மூன்று தோசை. குடம் தூக்கினேன்.

பிப்ரவரி 24

தெளிந்துவிட்டான். என்னை அடையாளம் தெரிகிறது. "அன்னைக்கு வந்தியா? ஏன் ஒண்ணும் பேசாம நின்ன?" என்று கேட்டான். நான் பேசாமல் நின்றதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

இறந்தவர்களிடமிருந்து ஈரல் கிடைக்கிற வரிசையிலும் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். டாக்டர் என்னைப் பார்த்து, மார்ச் முதல் வாரம் எடுத்துப் பார்ப்போம் என்றார். அவசரப்படுத்துகிற மாதிரிச் சொல்லவில்லை. ஆனாலும் அவசரமாகத்தான் கேட்டது.

மைனி மதுரையிலேயே தங்கிவிட்டார். காலையில் போன் வருகிறது. "நடக்கியா? சத்தம் போட்டுச் சொல்லு, கடல் சத்தம் கேக்கணும்." போனைக் கடல் பக்கம் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாமல் நடந்தால் சாலை நீண்டுவிடுகிறது. சாலையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அதனால் இருக்கும்.

மார்ச் 5

எட்டு!

டாக்டர் நாச்சம்மை எண்ணைச் சொன்னதும் மைனி எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துவிட்டார். டாக்டர் மைனியின் கைகளுக்குள் காணாமல் போய்விட்டார், கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. விடுபட்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "இந்தக் கொழுப்பு பத்தி எனக்குக் கவலையே இல்லை, நல்ல மெத்துனு இருக்கு" என்றார்.

என் உடம்பில் மொத்தமாகக் குறைந்தது நான்கு கிலோதான். இடுப்பு ஒரு இஞ்ச். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிற கொழுப்புதான் முதலில் கிளம்பிப் போகுமாம். சீக்கிரம் வருவது, சீக்கிரம் போவது, எந்நேரமும் பரபரப்பு. யாரைப் போல என்று இவர் கேட்டார். நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

மார்ச் 10

ஆஸ்பத்திரிக் கமிட்டி. மூன்று பேர், ஒரு கேமரா. என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"ஆமா" என்றேன். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எங்க மைனி. தினமும் சாப்பிடச் சொல்லி."

"ஈரல் கொடுக்கச் சொல்லி?"

"அதுக்கு யாரும் சொல்லல. அண்ணன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருக்கான்."

"இதுல ஆபத்து உண்டுன்னு தெரியுமா?"

"டாக்டர் எல்லாம் சொன்னாங்க."

"பயமா இருக்கா?"

"இல்ல."

நடுவில் இருந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை மடித்து மடித்து ஒரு சின்னப் பொட்டலமாக ஆக்கி வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு தம்ளர் குடித்தேன். மதுரை வெயில் அப்படி.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். மார்ச் பதினெட்டு.

மார்ச் 14

தைக்கக் கிடந்த ரவிக்கை எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அந்தப் பாடகர் குழுக்காரியின் ரவிக்கைக்குக் கழுத்தை ஒழுங்காகவே வைத்தேன். ஈஸ்டருக்குப் பாடகர் குழுவின் அங்கிகளும் தயார். பீரோவை அடுக்கினேன். நகை, பத்திரம், கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இவருக்குக் காட்டினேன். எந்த டப்பாவில் எந்தப் பொடி என்று சொன்னேன். கறிவேப்பிலைச் செடிக்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் என்றும் சொன்னேன். வீடு ஒழுங்காக இருந்தால் நல்லதுதானே, வேறு ஒன்றும் இல்லை.

இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மல்லிப்பொடி எது என்று திருப்பிக் கேட்டேன். மஞ்சள்பொடியை எடுத்துக் கொடுத்தார்.

"இப்பத்தானே சொன்னேன்?"

"எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது பியூலா. நீ திரும்பி வந்து, இங்க நின்னு, ஒவ்வொண்ணா எடுத்துக் குடு."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். பிறகு இரண்டு பேருமாகப் பின்கட்டில் போய்க் குடம் தூக்கினோம். உப்பளத்தில் இன்றைக்கு அவசர வேலை எதுவும் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 17

சேர்ந்தாயிற்று. நாளைக் காலை. மைனி தலை வாரிப் பின்னிவிட்டார். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டார்.

மார்ச் 21

வலி. கஞ்சி. அண்ணன் இருக்கிறான்.

மார்ச் 24

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து தூத்துக்குடிக்கும் மதுரைக்குமாகப் போகிறது.

விடியும்போது என்னைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு நெருப்பு. பக்கத்தில் யாரோ என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். மைனி. அங்கே யாரையும் விட மாட்டார்களாம். எப்படி வந்தார் என்று நர்ஸுக்கே தெரியவில்லை.

"அண்ணன்?" என்று கேட்டேன். தொண்டையில் சத்தம் வரவில்லை, வாய் மட்டும்தான் அசைந்தது.

"உள்ள வச்ச உடனே பித்தநீர் சுரந்துச்சாம்ட்டி. ஆபரேஷன் செஞ்ச டாக்டரு வெளியில ஓடி வந்து சொன்னாரு. உன் ஈரலு செங்கல் கலர்ல பளபளன்னு இருந்துச்சாம். இவ்வளவு நல்ல ஈரல வெட்டி ரொம்ப நாளாச்சுன்னாரு."

மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காலைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பெருமையாக இருந்தது. ஈரலைப் பற்றித்தான்.

மார்ச் 26

சக்கர நாற்காலியில் வைத்து அண்ணனிடம் கூட்டிப்போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். என்னைப் பார்த்துக் கண்ணைத் திறந்தான். வெள்ளையாக இருந்தது. அவன் கண் வெள்ளையாக இருந்து நான் பார்த்து எவ்வளவு காலம்! கையைத் தூக்கி, வாயில் விரலை வைத்து, நான் சத்தம் போடக் கூடாது என்று சைகை காட்டினான்.

நான் எங்கே சத்தம் போட்டேன்? அழுதுகொண்டிருந்தது மைனிதான்.

மார்ச் 30

நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், நடக்கவும் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்குச் சாயந்திரம் மூன்று பேருமாக வராந்தாவில் நடந்தோம். எனக்கும் அண்ணனுக்கும் வயிற்றைச் சுற்றி ஒரே மாதிரிப் பட்டை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஊர்ந்தோம். நடுவில் மைனி பிளாஸ்கோடு வந்தார். முக்கால் தூரம் போயிருப்போம். அண்ணன் நின்றுவிட்டான்.

"என்ன, மூச்சு வாங்குதா?" என்று மைனி கேட்டார்.

"மூச்சு இல்ல. பைஜாமா."

அவ்வளவு தண்ணீரும் வற்றி, வயிறு உள்ளே போய்விட்டதில், ஆஸ்பத்திரிப் பைஜாமா பிடிமானம் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அவனால் குனியவும் முடியாது, சுவரிலிருந்து கையை எடுக்கவும் முடியாது. மைனி பிளாஸ்க்கை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பாய்ந்து போய், முழங்காலுக்கு வருகிறதற்குள் பிடித்துத் தூக்கினார். எதிரே வந்த நர்ஸ் இரண்டு பேர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஆபரேஷன்ல போகாத மானத்த வராந்தாவுல வாங்குதியளே!" என்றார் மைனி.

"நான் என்னட்டி செய்ய? பிடிக்க வயிறு இல்ல."

"இங்க குடு அண்ணே, இடுப்புல ரெண்டு தையல் போட்டுத் தாரேன். நிமிசத்துல ஆயிரும்" என்றேன்.

அண்ணன் பட்டைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, என்னையும் பார்த்து, என் பட்டையையும் பார்த்தான்.

"வேண்டாம் தாயி. நம்ம ரெண்டு பேருக்கும் இதுக்கு மேல தையல் வேண்டவே வேண்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு கிழிகிற மாதிரி வலிக்கிறது. "சிரிக்க வைக்காதண்ணே" என்று கெஞ்சினேன். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ மொதல்ல நிறுத்து" என்று கெஞ்சினான். இரண்டு பேரும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கும் சேர்த்து மைனிதான் சிரித்தார். ஒரு கையால் அண்ணனுடைய பைஜாமாவையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்க, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தையல் வலி.

காலை: இட்லி மூன்று, முட்டை. மதியம்: மைனி கொண்டுவந்த மீன் குழம்பு. ராத்திரி: அதே மீன் குழம்பு, அண்ணன் தட்டிலிருந்து கொஞ்சம்.